ஆசிரியர் பயிற்சிக் கொள்கை: சங்கமா, வழக்கா, எழுதி அனுப்புவதா?

2025 பிப்ரவரியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) புதிய வரைவு விதிமுறைகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு மறுபடியும் ஓராண்டு பி.எட். என்பது அதில் பெரிதாகப் பேசப்பட்டது. 2014 விதிமுறைகள்தான் அந்தப் படிப்பை இரண்டாண்டு ஆக்கியிருந்தன. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர், இந்த முறை பேசாமல் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். எந்த வழியில் பேசுவது என்பதில்தான் விவாதம் நீண்டது. கடைசியில் எழுதி அனுப்பினோம். இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான்.

முதலில் சங்கம். ஆள்பலம், பத்திரிகைச் செய்தி, அமைச்சரைச் சந்திக்கும் வாய்ப்பு எல்லாம் அங்கே உண்டு; இதை விளக்க வேண்டியதில்லை. கோரிக்கை ஒரே வரியில் அடங்குமானால் திரண்ட எதிர்ப்புக்கு நிகர் வேறில்லை. 2019இல் கஸ்தூரிரங்கன் குழுவின் கல்விக் கொள்கை வரைவு வெளிவந்த சில நாட்களிலேயே இந்தி பற்றிய பத்தி திருத்தப்பட்டது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால்தான். ஆனால் ஆசிரியர் பயிற்சி ஒரே வரியில் அடங்காது. அதோடு, சங்கத்தின் பட்டியலில் பழைய ஓய்வூதியமும் ஊதிய முரண்பாடும் முதலில் வரும். அது நியாயம்தான், உறுப்பினர்களின் வயிற்றுப்பாடு அது. இன்னும் வேலைக்கே வராத பயிற்சி மாணவருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தைத் தடை செய்கின்றன என்பதையும் இளையவர்கள் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. தீர்ப்புகளைப் படித்த அளவில்தான் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 11 அன்று, பி.எட். படித்தவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்கள் அல்லர் என்றது உச்ச நீதிமன்றம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான பட்டயப் படிப்பான டி.எல்.எட். நடத்தும் எங்களுக்கு அது நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 1 அன்று, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது இருபது வருடம் பாடம் நடத்தியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டிலும் மையக் கேள்வி சட்டம் எந்தத் தகுதியைக் கேட்கிறது என்பதே. ஒரு பயிற்சி மாணவர் வகுப்பறைக்குள் எப்படித் தயாராகிறார் என்பதை வழக்கு தொடாது. தீர்ப்பு வந்துவிட்டால் நடுவில் நின்று பேச இடமும் இருக்காது.

கர்நாடகத்தில் இருந்திருந்தால் ஆசிரியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சட்ட மேலவை உறுப்பினரிடம் போகலாம். தமிழ்நாட்டில் மேலவை 1986இலேயே போய்விட்டது.

எழுத்து வழியின் பக்கம் என்னைச் சாய்த்தது ஒரே காரணம்: வகுப்பறையில் பார்த்ததைச் சுருக்காமல் வைக்க இடம் தருவது அது மட்டும்தான்.

ஓர் உதாரணம். எங்கள் மாணவர்கள் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போகும்போது லெசன் பிளான் எழுதுகிறார்கள். மேலே வகுப்பு, பாடம், நேரம் என்று மூன்று கட்டம். வகுப்பு என்ற கட்டத்தில் ஒரே ஓர் எண்ணை எழுதத்தான் இடம். ஆனால் அவர்கள் போய் நிற்பது ஈராசிரியர் பள்ளியில். ஒன்று, இரண்டு, மூன்று என எல்லாக் குழந்தைகளும் ஒரே அறையில். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைக்கிறார்கள். அரும்புக்கு எழுத்து அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மலர் குழந்தைகள் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பயிற்சி மாணவி ஒருத்தி அங்கே சமாளிப்பதற்கும் அவள் ரெக்கார்டு நோட்டில் எழுதுவதற்கும் சம்பந்தமே இல்லை. பார்வையிடப் போகும் நானோ நோட்டுக்குத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

இதை எந்தத் தட்டியில் எழுதுவது? எந்த ரிட் மனுவில் சேர்ப்பது? எழுதும்போது சேர்க்க முடிந்தது. 2014 விதிமுறைகள் டி.எல்.எட்.டுக்கும் பி.எட்.டுக்கும் இருபது வாரப் பள்ளி அனுபவம் கேட்கின்றன. ஓராண்டில் அது எங்கே அடங்கும், அதில் பல்வகுப்புக் கற்பித்தலுக்கு எத்தனை வாரம், வழிகாட்டும் பள்ளி ஆசிரியருக்குப் பாடவேளைக் குறைப்பு உண்டா என்று பிரிவு வாரியாகக் கேட்டோம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பெயர் நீக்கிய லெசன் பிளான் பக்கம் ஒன்று. காலிப் பணியிடத்துக்கு ஆளில்லாமல் பயிற்சி மாணவரிடம் முழு வகுப்பையும் ஒப்படைத்துவிடும் வழக்கத்தையும் எழுதினோம். மேடையில் சொன்னால் தலைமையாசிரியர்களைக் குறை சொல்வதாகிவிடும். காகிதத்தில் அது நிலைமையின் விவரமாக நிற்கிறது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறோம் என்பதால் இளையவர்களும் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

இதன் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. அனுப்பியதை யாராவது படித்தார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கெடுவும் குறைவு, வரைவு வந்தபிறகு ஆதாரம் சேகரிக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும். அதனால் பார்வையிடும்போதே ஒரு தனி நோட்டில் குறித்து வருவது நல்லது: எத்தனை வகுப்பு, எத்தனை குழந்தைகள், மாணவர் எங்கே திணறினார். எழுதுகிறவர்களுக்கு இந்த நோட்டுதான் முதல்.

அப்புறம், யாருக்கு அனுப்புவது என்பது முக்கியம். படிப்பின் காலம், பள்ளி அனுபவ வாரங்கள், அங்கீகார விதி இவை என்.சி.டி.இ. கையில். டி.எல்.எட். பாடத்திட்டம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்திடம். பி.எட். என்றால் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். லெசன் பிளான் கட்டத்தை மாற்றச் சொல்லி டெல்லிக்கு எழுதிப் பயனில்லை. அதைச் சென்னையில் கேட்கலாம், நிறுவனத்துக்குள்ளேயே தொடங்கவும் செய்யலாம். நாங்கள் இப்போது பல்வகுப்புக்கென்று தனி லெசன் பிளான் எழுதச் சொல்கிறோம். அதற்கு யாருடைய ஆணையும் தேவைப்படவில்லை.

டெட் விவகாரத்தில் மட்டும் நான் சங்கத்தோடு நிற்கிறேன். வேலை போகுமா போகாதா என்ற கேள்விக்குப் பிரிவு வாரியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. பயிற்சி பற்றிய மற்றதற்கெல்லாம் எழுதுங்கள், நகல் வையுங்கள். பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, உங்கள் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.