கீறல் விழுந்த ரிக்கார்டுகளோடு இருபது ஆண்டுகள்

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்போம். திட்டுவதற்கென்றே ஏற்பட்ட சொல். 2004 குளிர்காலத்தில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பழைய சிடி கடை ஒன்றில் மூன்று பவுண்டுக்கு வாங்கிய, போர்ட்டிஸ்ஹெட் என்ற இசைக்குழுவின் ‘டம்மி’ ஆல்பத்தை முதல்முறை போட்டபோது எனக்கும் திட்டத்தான் தோன்றியது. சரசரவென்று சத்தம். நடுநடுவே ‘டிக்’ என்று ஒரு சொடக்கு. வெளியே எடுத்துச் சட்டை நுனியால் துடைத்து மறுபடியும் போட்டேன். அதே இடத்தில் அதே சரசரப்பு. மறுநாள் மதியம் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் ரசீதைக்கூடக் கேட்கவில்லை.

“எந்தப் பாட்டில்?”

“அனேகமாக எல்லாவற்றிலும்.”

“அப்படியென்றால் தட்டு நன்றாகத்தான் இருக்கிறது” என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பொறியியல் படித்தவனுக்கு இது வெட்கக்கேடு. சிடி கெட்டால் சரசரக்காது. திக்கும், தாவும், ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சரசரப்பு வினைல் தட்டின் வியாதி. பள்ளத்தில் தூசியோ கீறலோ இருந்தால் ஊசி அதில் இடறி எழுப்புகிற சத்தம் அது. ஊசியே இல்லாத ஒரு கருவியில் அது கேட்கிறதென்றால், யாரோ அதை வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

வைத்தவர்கள் போர்ட்டிஸ்ஹெட் குழுவினர். தட்டுகளையும் தாளத்தையும் கவனித்தவர் ஜெஃப் பாரோ, பாடியவர் பெத் கிப்பன்ஸ், கிட்டார் வாசித்தவர் ஜாஸ் உலகிலிருந்து வந்த ஏட்ரியன் அட்லி. ஒலிப்பதிவுப் பொறியாளர் டேவ் மெக்டொனால்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பாரோவும் கிப்பன்ஸும் சந்தித்தது இசை அரங்கிலல்ல. வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை கொடுத்துவந்த ஒரு திட்டத்தின் வகுப்பில், 1991இல். அந்தக் காலத்தில் பாரோ பிரிஸ்டலின் கோச் ஹவுஸ் ஸ்டூடியோவில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாசிவ் அட்டாக் குழு ‘புளூ லைன்ஸ்’ ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்த ஸ்டூடியோ அதுதான். ட்ரிப் ஹாப் என்று பின்னால் பெயர் வாங்கிய, ஹிப் ஹாப் தாளத்தை மெதுவாக ஓடவிடும் சங்கதி விளையும் இடத்திலேயே தேநீர் கொண்டுவந்து கொடுத்த பையன்! அந்தப் பெயர் இவர்களுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்பது வேறு கதை.

1994 ஆகஸ்டில் வந்த ‘டம்மி’ எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மற்றவர்களின் பழைய தட்டுகளிலிருந்து துணுக்குகளை வெட்டி எடுத்துச் சுழலவிடுவது ஹிப் ஹாப்காரர்கள் எல்லோரும் செய்தது. ‘சோர் டைம்ஸ்’ பாட்டில் திரை இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரினின் துணுக்கு இருக்கிறது. ‘குளோரி பாக்ஸ்’ பாட்டின் அடியில் அமெரிக்கப் பாடகர் ஐசக் ஹேய்ஸ் ஓடுகிறார். இவர்கள் அதோடு நிற்கவில்லை. தாங்களே வாசித்துப் பதிவுசெய்து, அதை வினைல் தட்டில் அச்சடித்து, அந்தப் புதுத் தட்டை ஸ்டூடியோ தரையில் போட்டு மேலே நடந்தார்கள், காலால் தள்ளிச் சறுக்கினார்கள். பிறகு அந்த அடிபட்ட தட்டைச் சுழலவிட்டு அதிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். போதாததற்குக் கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வழியாகவும் பதிவு செய்தார்கள். பிறந்த அன்றே கிழடுதட்டிப்போன இசை. முப்பது ஆண்டுகளாகியும் அது பழசாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. முதல் நாளே அறுபது வயதாக இருந்தவருக்கு இன்னும் முப்பது கூடினால் முகத்தில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? அதே ஆண்டில் ‘புத்தம் புதிய ஒலி’ என்று பெருமையடித்துக்கொண்டு வந்த எத்தனையோ ஆல்பங்கள் இன்று வேட்டி கட்டிய நாளில் எடுத்த பள்ளிப்படம் போல இருக்கின்றன.

அந்த மூன்று பவுண்டு சிடியை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பைத்தியம். மூன்றாம் ஆண்டில் சலிப்பு. அதற்குக் காரணம் இசையல்ல; எந்தக் காப்பிக் கடைக்குப் போனாலும், யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் ‘குளோரி பாக்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. 1995இல், ஓயாசிஸ் குழுவின் முதல் ஆல்பமும் போட்டியில் இருக்க, பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி விருதைத் தட்டிக்கொண்டு வந்த ஆல்பம் அல்லவா, எல்லா வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. பேச்சுச் சத்தத்துக்குப் பின்னால் போட்டால் இது ஏதோ சோபாவில் சாய்ந்துகொள்ள ஏற்ற சுகமான இசை போலத்தான் தோன்றும். தனியாக, ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் அந்தப் பெண்குரல் சோபாவில் சாய விடாது. இன்னொரு எச்சரிக்கை: காருக்கு இது ஆகாது. தாழ்ந்த சுருதியில் நடக்கும் பாதி வேலையை இன்ஜின் இரைச்சல் தின்றுவிடும்.

குழுவின் பெயர் பாரோ சிறுவயதில் வளர்ந்த ஊரின் பெயர். பிரிஸ்டலில் இருந்த ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். இருண்ட சந்துகளை எதிர்பார்த்துப் போனவனுக்கு, செவர்ன் கழிமுகத்தின் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த சாதுவான சிற்றூர் கிடைத்தது. தண்ணீர் வற்றிய நேரம். கண்ணுக்கெட்டிய வரை பழுப்புச் சேறு, அக்கரையில் வேல்ஸ் மங்கலாக. ஒரு பெரியவர் நாயோடு நடந்து போனார். அவ்வளவுதான். சலிப்புத்தான் இந்த இசைக்குத் தாய்ப்பால் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது.

1997 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குக் குழுவின் பெயரே பெயர். அதற்குள் ஊர் முழுக்க இவர்களை நகலெடுக்கத் தொடங்கியிருந்தது. அடுத்தவர் தட்டுகளை ஏறக்குறையக் கைவிட்டு, தேவையான ‘பழைய’ இசையை இவர்களே எழுதி, வாசித்து, தட்டாக்கி, அழுக்காக்கினார்கள். கடைசிப் பாட்டான ‘வெஸ்டர்ன் ஐஸ்’ஸில் ஷான் அட்கின்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்ற குழுவின் பதிவிலிருந்து துணுக்கு எடுத்ததாக உறையில் நன்றி சொல்லியிருக்கும். அந்தப் பெயரை நம்பிப் பழைய தட்டுக் கடைகளில் நானும் தேடியிருக்கிறேன். அப்படி ஒரு குழுவே கிடையாது; துணுக்கும் இவர்கள் செய்ததே, பெயரும் இவர்கள் வைத்ததே. என் அசட்டுத்தனத்தைக் கடைக்காரர்கள் யாரும் சிரித்துக் காட்டவில்லை என்பதற்காக இன்றும் நன்றி.

ஆனால் நெடுநாள் பயன்பாட்டில் குறை தெரிவதும் இந்த ஆல்பத்தில்தான். ‘கௌபாய்ஸ்’, ‘ஆல் மைன்’ இரண்டும் கழுத்தைப் பிடிக்கும். ‘ஹாஃப் டே குளோசிங்’ பாட்டில் கிப்பன்ஸின் குரல் கரைந்து சுழன்று கதறலாக முடிவதை இப்போதும் இரவில் தனியாகக் கேட்க மாட்டேன். அதற்கப்புறம் ஒரே இருட்டு, ஒரே நடை. முழுதாக உட்கார்ந்து கேட்டது இந்தப் பத்தாண்டில் நான்கைந்து முறை இருக்கலாம். இரண்டிரண்டு பாட்டாக எடுத்துக்கொண்டால் வீரியமான மருந்து.

அந்தப் பாட்டுகளுக்கு உயிர் கூடியது மேடையில். 1997 ஜூலையில் நியூயார்க்கின் ரோஸ்லண்ட் அரங்கில், வயலின் வரிசையும் ஊதுகருவிகளுமாக ஒரு முழு இசைக்குழுவை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த நேரடிப் பதிவில் எல்லாமே அந்த இரவு பிடித்தவையல்ல. ‘சோர் டைம்ஸ்’ சான் பிரான்சிஸ்கோவில் பதிவானது. ஸ்டூடியோவில் நாசூக்காகப் பாடிய அதே பாட்டை இங்கே மெதுவாகத் தொடங்கி, கடைசியில் தொண்டை கிழியக் கத்துகிறார் கிப்பன்ஸ். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் யாராவது கேட்டால் இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். 2023இல் விடுபட்டிருந்த மூன்று பாட்டுகளையும் சேர்த்து இணையத்தில் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள்.

பிறகு பத்தாண்டு மௌனம். 2008 ஏப்ரலில் ‘தேர்ட்’. முதல் பாட்டின் பெயர் ‘சைலன்ஸ்’. போர்த்துக்கீசிய மொழியில் யாரோ ஏதோ சொல்கிறார், டிரம் ஓட்டமெடுக்கிறது, இரண்டு நிமிடத்துக்குப் பிறகுதான் குரல் வருகிறது. ஐந்தாவது நிமிடம் நிறைகிற நேரத்தில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கத்தரித்ததுபோல் நின்றுவிடுகிறது. எனக்கு மறுபடியும் அதே புத்தி. கோப்பு பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை இறக்கினேன். அறுந்தது. சந்தேகம் தீராமல் சிடி வாங்கினேன். அதிலும் அறுந்தது. அந்தக் கடைப் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆல்பத்தில் சரசரப்பு இல்லை, தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் வேலை இல்லை. இவர்களின் அடையாளம் என்று ஊரே நினைத்திருந்ததை அவர்களே குப்பையில் போட்டுவிட்டார்கள். முதல் மாதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு அதிகம் கேட்பது இதைத்தான். ‘தி ரிப்’ பாட்டை மட்டும் சொல்கிறேன். கிட்டார் நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டும் சின்ன இசைக்கோலம் ஒன்று சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் கிப்பன்ஸ் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டுகிறார். நீட்டிக்கொண்டே போகிறார். அந்த நீட்டலுக்கு அடியில் கிட்டார் வாசித்த அதே கோலத்தை சிந்தசைசர் வாங்கிக்கொள்கிறது. எந்த நொடியில் கை மாறியது என்று கண்டுபிடிக்கப் பல இரவுகள் முயன்றேன். தூங்கும் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவதுபோல மாற்றியிருக்கிறார்கள். ‘டீப் வாட்டர்’ என்ற ஒன்றரை நிமிட உகுலேலேப் பாட்டு முடிந்த கையோடு ‘மெஷின் கன்’ வெடிப்பதை எச்சரித்துவிடுகிறேன். ஒலியைக் கூட்டி வைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தட்டியிருக்கிறார்.

அதற்குப் பின் வந்தவை உதிரிகள். 2009இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்காக ‘சேஸ் தி டியர்’. ‘ஹை-ரைஸ்’ படத்துக்காக அபா குழுவின் ‘எஸ்ஓஎஸ்’ஸைத் துக்கப்பாட்டாக மாற்றிப் பாடியது. மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள், ஒரு மேடைப் பதிவு, முப்பதைச் சற்றே தாண்டும் பாட்டுகள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இருபது ஆண்டுகளாக நான் முடிக்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் ‘டம்மி’யை எல்பியாக, அதாவது வினைல் தட்டாக, வாங்கினேன். சரசரப்பை அது பிறந்த மண்ணிலேயே கேட்கலாம் என்ற ஆசை. வீடு மாறும்போது பெட்டியில் எதுவோ உரசி ‘ரோட்ஸ்’ பாட்டின் குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டது. (அந்தப் பாட்டில் நடுங்கி நடுங்கி ஒலிக்கும் மின்பியானோவின் பெயரும் ரோட்ஸ்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தமிழில் ஒன்று.) ஆக, இப்போது என்னிடம் இரண்டு வகைக் கீறல்கள் இருக்கின்றன. பிரித்தறிய வழி உண்டு. துணுக்கோடு சேர்ந்து சுழல்வதால் அவர்கள் போட்ட கீறல் தாளம் தவறாது. என்னுடையது தட்டு ஒருமுறை சுற்றினால் ஒருமுறை அடிக்கும். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் 1.8 நொடிக்கு ஒரு ‘டிக்’. தாளத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. முதலில் டிரம்முக்குச் சற்று முன்னால் விழும், பிறகு நெருங்கும், ஒரேயொரு சுற்றில் டிரம்மின் மேலேயே சரியாக விழும், அடுத்த சுற்றில் விலகத் தொடங்கிவிடும். மொத்தம் பதினான்கு தடவை. எண்ணியிருக்கிறேன். அதற்குள் வயலின்கள் வந்துவிடும்.