ஒரே தோள்வலி, இரண்டு சட்டம்: அமெரிக்காவில் ஃப்ளூ ஊசிக்கும் கோவிட் ஊசிக்கும் இழப்பீடு

ஊசி போட்ட கை இரண்டு நாள் வலிப்பது சகஜம். மாதக்கணக்கில் தலை சீவக் கை தூக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை என்றால் அது சிர்வாவாக (SIRVA, தடுப்பூசி போட்ட விதத்தால் வரும் தோள் காயம்) இருக்கலாம். மேல்கைத் தசையில் இறங்க வேண்டிய ஊசி கொஞ்சம் மேலே ஏறி, தோள் மூட்டை ஒட்டி இறங்கிவிடுவதால் வருவது. எந்த ஊசியாக இருந்தாலும் வலி ஒன்றுதான், ஆனால் அமெரிக்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

ஃப்ளூ ஊசி என்றால் விஐசிபி (VICP), தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்க அரசு இழப்பீடு தரும் ஏற்பாடு. 1986 சட்டத்தில் வந்த திட்டம், ஒவ்வொரு டோஸிலும் வசூலாகும் வரியிலிருந்து பணம் வருகிறது. வலி தொடங்கி 3 வருடத்துக்குள் மனு போடலாம். வேதனைக்கு மட்டுமே 2,50,000 டாலர் வரை கிடைக்கும், மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. வழக்கு தோற்றாலும், மனுவில் நியாயமான அடிப்படை இருந்தால் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தரும், அதனால் கையில் காசில்லாதவரும் துணிந்து போகலாம்.

கோவிட் ஊசி போனது சிஐசிபி (CICP) பக்கம், அது பெருந்தொற்று போன்ற அவசர நிலைக்கான மருந்துகளுக்கும் ஊசிகளுக்கும் உள்ள தனி இழப்பீட்டுத் திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு. வேதனைக்கு ஒரு டாலரும் கிடையாது, காப்பீடு தராமல் விட்ட செலவும் சம்பளமும்தான். வக்கீல் கட்டணம் உங்கள் பாடு. மறுத்துவிட்டால் ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம், கோர்ட்டுக்குப் போக வழியில்லை. ஒரே காயத்துக்கு இப்படி இரண்டு நியாயம் வைத்திருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, விஐசிபி சுலபமா? அதுவும் இல்லை. 2017-ல் சிர்வாவை விஐசிபி ஏற்கும் காயங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், அதன்படி வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கவும் வேண்டும் (ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தால் விலக்கு உண்டு). பலர் சறுக்குவது அந்த 48 மணி நேரத்தில்தான். தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் தைலம் தேய்த்துவிட்டு டாக்டரிடம் போய் "கொஞ்ச நாளாகவே வலி" என்பார்கள், அவரும் அப்படியே எழுதிவிடுவார், அரசுத் தரப்பு பிடித்துக்கொள்வது அந்த ஒரு வரியை. ஊசி போட்ட அன்றே வலி வந்தது என்றால் தேதியோடு சொல்லி எழுத வையுங்கள்.

இன்னொன்று, ஃப்ளூவும் கோவிடும் ஒரே நாளில் போட்டால் எது எந்தக் கை என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்பதே அந்தக் குறிப்பை வைத்துத்தான்.