ஹெவிவெயிட் குத்துச்சண்டை: பிபிவி பங்கா, பர்ஸ் ஏலமா, சவூதிப் பணமா?

பெரிய ஹெவிவெயிட் சண்டை முடிந்த மறுநாள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பே-பெர்-வியூ (பிபிவி, ஒரு சண்டையைப் பார்க்கத் தனியாகக் காசு கட்டும் ஒளிபரப்பு) எத்தனை விற்றது? அந்த எண்ணை வைத்துச் சண்டைக்காரருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டால் பெரும்பாலும் தப்பாகவே வரும். முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம் எந்த வகை என்பதைத்தான். உச்சத்தில் இருப்பவர்களுக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. உத்தரவாதத் தொகையோடு பிபிவி லாபத்தில் பங்கு வாங்குவது ஒன்று, பர்ஸ் (சண்டைக்கான சம்பளத் தொகை) ஏலம் இரண்டாவது, சவூதி அரேபியா கொடுக்கும் மொத்தத் தொகை மூன்றாவது.

பழைய வழியான பிபிவியிலிருந்தே தொடங்கலாம். 2002 ஜூன் 8 அன்று மெம்ஃபிஸில் லெனாக்ஸ் லூயிஸும் மைக் டைசனும் மோதினார்கள். லூயிஸ் ஹெச்பிஓ ஒப்பந்தத்தில் இருந்தார், டைசன் ஷோடைம் ஒப்பந்தத்தில். அதனால் இரண்டு சேனல்களும் சேர்ந்தே விற்றன. விலை 54.95 டாலர், விற்பனை சுமார் 19.5 லட்சம், வசூல் ஏறத்தாழ 10.7 கோடி டாலர். இருவருக்கும் உத்தரவாதம் தலா 1.75 கோடி. அதற்கு மேல் வருவதெல்லாம் லாபப் பங்கு.

அந்த லாபம் எப்படிச் சுருங்குகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 80 டாலர் விலையில் 8 லட்சம் விற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 6.4 கோடி. கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் வழக்கமாகப் பாதி அளவுக்கு எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3.2 கோடி. அதிலிருந்து ஒளிபரப்பும் சேனலின் கட்டணம், தயாரிப்புச் செலவு, விளம்பரம், அண்டர்கார்டு (முக்கியச் சண்டைக்கு முன் நடக்கும் சண்டைகள்) சண்டைக்காரர்களின் சம்பளம் எல்லாம் போகும். கேட் வசூலும் (அரங்க டிக்கெட் விற்பனை) வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமையும் வந்து சேரும். இவ்வளவுக்கும் பிறகு நிற்பதுதான் பங்கு போடப்படும் தொகை. உத்தரவாதத் தொகை பெரும்பாலும் அந்தப் பங்கிலேயே கழிக்கப்படும். பங்கு உத்தரவாதத்தைத் தாண்டினால்தான் கூடுதலாக ஏதாவது கைக்கு வரும்.

இன்னொரு சிக்கல், விற்பனையை முன்கூட்டிக் கணிக்க முடியாது. டியான்டே வைல்டரும் டைசன் ஃப்யூரியும் மூன்று முறை மோதினார்கள். 2018 டிசம்பரில் நடந்த முதல் சண்டை சுமார் 3.25 லட்சம் விற்றது. அது டிராவில் முடிந்ததால் எதிர்பார்ப்பு ஏறி, 2020 பிப்ரவரியில் 8 லட்சத்தைத் தாண்டியது. 2021 அக்டோபரில் மூன்றாவது சண்டை சுமார் 6 லட்சத்துக்கு இறங்கியது. மூன்றிலும் விறுவிறுப்பானது அந்த மூன்றாவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மக்கள் காசு கொடுப்பது சண்டைக்கு முன்னால் இருக்கும் கேள்விக்கு. இரண்டாவது சண்டையில் ஃப்யூரி ஏழாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டதால் அந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிட்டது. பங்கும் கூடவே மாறியது: இரண்டாவதில் 50-50, மூன்றாவதில் ஃப்யூரிக்கு 60, வைல்டருக்கு 40.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டாவது சண்டைக்கு நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் வெளியிட்ட பர்ஸ் தலா 50 லட்சம் டாலர். அது ஆணையத்திடம் தாக்கலான ஒப்பந்தத்தின் குறைந்தபட்சத் தொகை மட்டுமே. பிபிவி பங்கு அதில் இருக்காது. அதை முழு வருமானமாக எழுதும் செய்திகளை நம்ப வேண்டாம்.

பர்ஸ் ஏலத்தில் கணக்கு நேரானது. சாம்பியனும் கட்டாயச் சவாலாளியும் (பட்டத்துக்கு அடுத்து மோத உரிமை பெற்றவர்) பேசித் தீர்க்காவிட்டால், பட்டம் வழங்கும் அமைப்பு ஏலம் விடும். அதிகம் கேட்கும் ப்ரொமோட்டர் சண்டையை நடத்துவார். 2022இல் ஃப்யூரி-டில்லியன் வைட் சண்டையை ஃப்ராங்க் வாரன் 4,10,25,000 டாலருக்கு எடுத்தார். பட்டம் வழங்கும் அமைப்பான டபிள்யூபிசியின் விதிப்படி 10 சதவீதம், அதாவது 41,02,500 டாலர், வெற்றியாளருக்கு ஒதுக்கப்பட்டது. மீதியில் 80-20: ஃப்யூரிக்கு 2,95,38,000, வைட்டுக்கு 73,84,500. பிபிவி எவ்வளவு விற்றாலும் இந்தத் தொகை மாறாது, நஷ்டம் வந்தால் அது ப்ரொமோட்டர் தலையில். ஏலம் சந்தை மதிப்பைத் தாண்டிப் போவதும் உண்டு. 2013இல் விளாதிமிர் கிளிட்ச்கோ-பொவெட்கின் சண்டைக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அடுத்த ஏலதாரர் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இதன் குறை, விற்பனை கூடினாலும் சண்டைக்காரருக்குப் பயனில்லை, அதனால் விளம்பரத்துக்கு உழைக்கும் ஆர்வமும் குறையும். வெம்ப்ளியில் நடந்த முதல் செய்தியாளர் சந்திப்புக்கு வைட் வரவே இல்லை. இருந்தும் சண்டையன்று ஸ்டேடியத்தில் 94,000 பேர்.

சவூதி வழி 2019 டிசம்பரில் திரியாவில் நடந்த ஜாஷுவா-ரூயிஸ் மறுபோட்டியோடு பெரிதானது. நடத்தும் இடம் பெருந்தொகை கொடுத்துவிடுவதால் கேட் வசூலும் பிபிவியும் இரண்டாம்பட்சம். 2024 மே 18 அன்று ஃப்யூரியும் உஸிக்கும் ரியாத்தில் மோதியபோது பிபிவியும் விற்கப்பட்டது, ஆனால் சண்டை அதை நம்பி நிற்கவில்லை. நல்ல பணம்தான். ஆனால் கொடுப்பவர் ஒருவரே. அவர் விலகினால் தன் சந்தை மதிப்பு என்ன என்பது சண்டைக்காரருக்கே தெரியாமல் போகும்.

யாருக்கு எது? தன் பெயருக்காகவே டிக்கெட் விற்கும் நட்சத்திரம் உத்தரவாதமும் பிபிவி பங்கும் கேட்கலாம். பெயர் அவ்வளவு விற்காத கட்டாயச் சவாலாளி ஏலத்துக்கே காத்திருப்பது மேல். 20 சதவீதம் என்றாலும் பெரிய ஏலத்தின் 20. உச்சத்தைத் தாண்டிய முப்பத்தைந்து வயதுக்காரர் சவூதித் தொகையை மறுக்கக் காரணமே இல்லை.

எந்த வழியிலும் கழிவுகள் உண்டு. அமெரிக்காவில் சண்டையிடும் வெளிநாட்டவர் 1 கோடி டாலர் பர்ஸ் வாங்கினால் 30 சதவீத வரி முன்பே பிடிக்கப்படும் (ரிட்டர்ன் தாக்கலின்போது பிறகு சரிசெய்யப்படும்). பயிற்சியாளருக்கு வழக்கமாக 10, மேனேஜருக்கு 20 என்று வைத்தாலும் (நெவாடாவில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம்), பட்டம் வழங்கும் அமைப்புக்கான கட்டணம் சுமார் 3 சதவீதம். ஆரம்பத்தில் கையில் நிற்பது 37 லட்சம். பயிற்சி முகாம் செலவு அதற்குள்தான்.

பிபிவி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: நிகரத் தொகை எந்தெந்தச் செலவு கழித்தது, கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை உண்டா, கேபிள் நிறுவனங்களின் பணம் வந்து எத்தனை நாளில் பங்கு தரப்படும். 2000ஆம் ஆண்டின் முகமது அலி சட்டப்படி, ப்ரொமோட்டர் அந்தச் சண்டையில் தனக்கு வரும் வருமானத்தைச் சண்டைக்காரரிடம் காட்ட வேண்டும். ஆனால் அது அமெரிக்கச் சட்டம். லண்டனிலோ ரியாத்திலோ சண்டை நடந்தால் அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.