கொரோனாச் சாவுக் கணக்கும் ஊரடங்கும்: மும்பையில் எது எவ்வளவு காப்பாற்றியது?

2020 ஊரடங்கு நல்லதா கெட்டதா என்று மும்பைத் தமிழர்களிடம் கேட்டால், பதில் அவர்கள் எந்த வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். மாட்டுங்காவில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கும் மாமா, "லாக்டவுன் மட்டும் போடலேன்னா நாங்கல்லாம் அப்பவே போய்ச் சேர்ந்திருப்போம்டா" என்பார். ஒன்றரை மைல் தள்ளி, தாராவி 90 அடி ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியோ, "வீட்டுக்குள்ள இருன்னாங்க. எட்டுப் பேரும் ஒரே ரூமுக்குள்ளதான தம்பி இருந்தோம்" என்பார். இரண்டு பேருமே தங்கள் வாதத்துக்கு ஆதாரமாகச் சாவு எண்ணிக்கையைத்தான் காட்டுவார்கள். ஆனால் இருவர் கையில் இருப்பதும் ஒரே எண்ணிக்கை இல்லை. அதனால் ஊரடங்கை எடை போடுவதற்கு முன்னால் எந்தக் கணக்கை வைத்துப் பேசுகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் வந்த சாவும் வராத சாவும்

நாம் டிவியில் தினமும் பார்த்தது முதல் கணக்கு. கொரோனா என்று பரிசோதனையில் உறுதியாகி, கொரோனாவால் இறந்ததாக எழுதப்பட்டவர்கள். மும்பையில் 2020-இல் அப்படிக் கணக்கில் ஏறியவர்கள் சுமார் 11,000 பேர்.

இரண்டாவது கணக்கு இன்னும் எளிது. காரணம் எதுவானாலும் சரி, மாநகராட்சியில் பதிவான எல்லா மரணங்களையும் எண்ணி, முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். 2019-இல் மும்பையில் பதிவானவை சுமார் 91,000. 2020-இல் சுமார் 1,12,000. கூடுதல் 20,000-க்கும் மேல். அதாவது அதிகாரபூர்வ எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதை இறப்புக் காரணச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்குப் படிவம் 4, வீட்டில் இறந்தவர்களுக்குப் படிவம் 4ஏ. இரண்டிலும் முதல் பகுதியில் வரிசையாக மூன்று வரிகள். உடனடிக் காரணம், அதற்குக் காரணமானது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அடிப்படை நோய். மூச்சுச் செயலிழப்பு, நிமோனியா, கோவிட்-19 என்று இந்த வரிசையில் எழுதினால் அது கொரோனா மரணம். இறந்தவருக்குச் சர்க்கரை இருந்தால் அது இரண்டாம் பகுதியில், 'கூட இருந்த பிற நோய்கள்' என்ற இடத்தில் வர வேண்டும். அவசரத்தில் ஒரு டாக்டர் மூன்றாவது வரியில் சர்க்கரை நோய் என்று எழுதிவிட்டால் அந்த மனிதர் பட்டியலில் இருந்தே காணாமல் போவார். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் இறந்தவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. மும்பையில் கேஈஎம் மருத்துவமனையின் முன்னாள் டீன் அவினாஷ் சுபே தலைமையில் ஒரு குழு சாவுகளைத் தணிக்கை செய்தது. அப்படியும் 2020 ஜூன் 16 அன்று விடுபட்டிருந்த 862 மரணங்களை ஒரே நாளில் மும்பைக் கணக்கில் சேர்க்க வேண்டி வந்தது. அடுத்த மாதமே சென்னையிலும் 444 மரணங்கள் இப்படிச் சேர்ந்தன. இதையெல்லாம் மறைப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். சில இடங்களில் மறைப்பும் இருந்திருக்கலாம். ஆனால் நோய் பரவும் வேகத்துக்குக் காகிதம் ஈடுகொடுக்கவில்லை என்பதுதான் பெரும்பகுதி என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டாவது கணக்குதான் உண்மை என்று முடிவு கட்டிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மும்பை லோக்கல் ரயில் தடங்களில் 2019-இல் இறந்தவர்கள் ஏறக்குறைய 2,700 பேர். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்கள், கூட்டத்தில் தொங்கி விழுந்தவர்கள். 2020-இல் ரயில் பல மாதம் பொதுமக்களுக்கு ஓடவே இல்லை, அந்த எண்ணிக்கை சுமார் 1,100-க்கு இறங்கியது. அந்த ஆயிரத்து அறுநூறு பேர் ரயில் நின்றதால் உயிரோடு இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் டயாலிசிஸ் கிடைக்காமல், நெஞ்சுவலிக்கு ஆம்புலன்ஸ் வராமல் போனவர்களும் அதே ஆண்டில்தான் இருக்கிறார்கள். ஆக, கூடுதல் இறப்பு என்பது கொரோனா கொன்றது, ஊரடங்கு கொன்றது இரண்டையும் கூட்டி, ஊரடங்கு காப்பாற்றியதைக் கழித்து வந்த மிச்சம். ஊரடங்கை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அந்த ஒரே எண்ணை முழுசாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, மாதிரிக் கணக்கு. கிடைத்த தரவை வைத்து, கிடைக்காததைப் புள்ளியியல் முறையில் மதிப்பிடுவது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கூடுதல் இறப்பு சுமார் 47 லட்சம் என்றது. அரசின் கணக்கோ சுமார் 4.8 லட்சம். மத்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. மாதிரி என்பது கடைசியில் மதிப்பீடுதான், அந்த அளவுக்கு ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2025 மே மாதம் வெளியான அரசின் சொந்தப் பதிவு அறிக்கையைப் பாருங்கள். நாட்டில் பதிவான மரணங்கள் 2019-இல் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏறியிருக்கிறது. அந்த ஆண்டுக்கான அதிகாரபூர்வக் கொரோனாச் சாவு சுமார் 3.3 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியது, மக்கள்தொகை கூடியது என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் முழுவதையும் அப்படிக் கழித்துவிட முடியாது.

இழப்பீடு கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. 2022 ஜனவரி வாக்கில் மகாராஷ்டிரத்தின் அதிகாரபூர்வச் சாவு 1.41 லட்சம், வந்த மனுக்கள் 2.13 லட்சம். குஜராத்தில் சுமார் 10,000 சாவுகளுக்கு ஏறக்குறைய 90,000 மனுக்கள், அதில் 68,000-க்கும் மேல் ஏற்கவும் பட்டன. பொய் மனுக்களும் வந்திருக்கும். ஆனால் அரசே சரிபார்த்துப் பணம் கொடுத்த பிறகு அந்த மரணங்கள் ஏன் பட்டியலில் ஏறவில்லை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

என் முடிவு இது: மும்பை போல எரிக்கவோ புதைக்கவோ சான்றிதழ் இல்லாமல் முடியாத ஊரில், பதிவான மொத்த மரணக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். பதிவே அரைகுறையாக இருக்கும் மாநிலங்களுக்கு மாதிரிக் கணக்கைத் தவிர வழியில்லை. தினசரி அறிவிப்பில் வந்த எண்ணை வைத்து ஒரு மாநிலத்தையும் இன்னொரு மாநிலத்தையும் ஒப்பிடுவதை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால், குறைவாக எண்ணியவர் நன்றாகச் சமாளித்தவர் ஆகிவிடுவார்.

ஒரே ஊரடங்கு, இரண்டு மும்பை

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் நாடு முழுக்க அடைப்பு. அப்போது நாட்டில் உறுதியான தொற்று சுமார் 500. உலகிலேயே மிகக் கடுமையான அடைப்புகளில் ஒன்று அது. அதன் நோக்கம் நோயை ஒழிப்பது இல்லை, ஆஸ்பத்திரிகள் தயாராக அவகாசம் வாங்குவது. அந்த அவகாசத்தை மும்பை வீணாக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். வர்லி என்எஸ்சிஐ அரங்கும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானமும் படுக்கைகளால் நிறைந்தன. 24 வார்டுகளிலும் படுக்கை ஒதுக்க வார் ரூம்கள் வந்தன.

ஆனால் அடைப்பு எல்லோரையும் ஒரே மாதிரி காத்ததா என்றால், 2020 ஜூலையில் நடந்த ரத்த எதிர்ப்பணு ஆய்வு இல்லை என்கிறது. நிதி ஆயோக், மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் சேர்ந்து மூன்று வார்டுகளில் சுமார் 7,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மாட்டுங்கா, சயான், வடாலா அடங்கிய எஃப் வடக்கு வார்டும் அதில் ஒன்று. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். அதே வார்டுகள், ஒரே சட்டம், ஒரே போலீஸ். கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தவனுக்கு ஊரடங்கு வேலை செய்தது. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றே ஆக வேண்டியவனுக்கு அது பாதிகூட வேலை செய்யவில்லை.

இதே ஆய்வை வைத்து, குடிசையில் அத்தனை பேருக்கு வந்தும் ஆயிரத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை, பயந்தது வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த விகிதம் அதிகாரபூர்வச் சாவுகளைத் தொற்று எண்ணிக்கையால் வகுத்து வந்தது. மேலே சொன்ன இடைவெளியைச் சேர்த்தால் விகிதமும் ஏறும். குடிசைப் பகுதிகளில் இளைஞர்கள் அதிகம் என்பதும் ஒரு காரணம். வயதானவர்களை எப்போதோ ஊருக்கு அனுப்பிவிட்ட குடும்பங்கள் தாராவியில் எத்தனை என்று திருநெல்வேலிக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

தாராவி தனியாகப் பேச வேண்டிய இடம். முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று உறுதியானது. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் ஏழெட்டு லட்சம் பேர், அதில் பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். வீட்டுக்குள் இரு என்ற ஒரே உத்தரவு இங்கே செல்லாது என்பதை ஜி வடக்கு வார்டு அலுவலகம் சீக்கிரமே புரிந்துகொண்டது. உள்ளூர்த் தனியார் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள். ஆக்ஸிமீட்டர் வைத்து மூச்சுக் குறைந்தவர்களைப் பிடித்தார்கள். கழிப்பறைகளைத் தினமும் பலமுறை மருந்தடித்துக் கழுவினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தேகப்பட்டவர்களை அந்தப் பத்துக்குப் பத்து அறையில் விடாமல் ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோய்ச் சோறும் போட்டார்கள். ஜூலை 7 அன்று தாராவியில் ஒரே ஒரு புதுத் தொற்று. மூன்று நாள் கழித்து உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

அதெல்லாம் இல்லை, ஏற்கெனவே பாதிப் பேருக்கு வந்து போனதால்தான் குறைந்தது என்பார்கள் சிலர். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் 2021 ஏப்ரல் 8 அன்று தாராவியில் 99 தொற்று, முதல் அலையின் எந்த நாளையும்விட அதிகம். நோய்க்கு இன்னும் ஆள் மிச்சம் இருந்திருக்கிறது. தேடிப் பிடித்துப் பிரித்து வைத்ததும், வந்து போன தொற்றும் இரண்டுமே சேர்ந்து வேலை செய்தன என்பதே பொருந்துகிறது.

2021-இன் படிப்படியான கட்டுப்பாடு

இரண்டாம் அலையில் மகாராஷ்டிரம் வேறு வழியில் போனது. மார்ச் 28 முதல் இரவு ஊரடங்கு, ஏப்ரல் 5 முதல் கூடுதல் தடை, ஏப்ரல் 14 இரவு முதல் 144 தடை உத்தரவு. தொழிற்சாலைகள் ஓடின, தொழிலாளிகள் தங்கியே வேலை செய்த கட்டுமான இடங்களும் நடந்தன. ஊருக்குப் போக நினைத்தவனுக்கு ரயில் இருந்தது. மும்பையின் தினசரித் தொற்று உச்சம் தொட்டது ஏப்ரல் 4 அன்று, 11,163. கடுமையான உத்தரவு வருவதற்குப் பத்து நாள் முன்பே! ஊரடங்கால் பயனில்லை என்பவர்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சி இதுதான், இதைத் தட்டிக்கழிக்க முடியாது. முந்தைய சிறு தடைகளும், பயந்து தாங்களாகவே வீட்டில் இருந்த மக்களும்தான் வளைவைத் திருப்பியிருக்க வேண்டும். சாவைக் குறைத்ததில் படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் பெரிய பங்கு. ஏப்ரல் 17 இரவு ஆக்ஸிஜன் தீரும் நிலையில் இருந்த ஆறு ஆஸ்பத்திரிகளில் இருந்து 168 நோயாளிகளை மாநகராட்சி வேறு இடங்களுக்கு மாற்றியது. டெல்லி அதே வாரங்களில் ஆக்ஸிஜனுக்குத் தவித்ததை நாம் பார்த்தோம். அங்கேயும் முழு ஊரடங்கு அமலில்தான் இருந்தது.

வெளிநாட்டு உதாரணங்களில் ஸ்வீடனும் பெருவும் அடிக்கடி வரும். ஸ்வீடன் அடைக்கவில்லை. 2020-இல் பக்கத்து நார்வே, பின்லாந்தைவிட அதிகம் இழந்தது, ஆனால் மூன்றாண்டுக் கூடுதல் இறப்பில் ஐரோப்பாவிலேயே குறைந்த வரிசையில் நின்றது. பெரு 2020 மார்ச்சிலேயே கடுமையாக அடைத்தது. 2021 மே மாதம் கணக்கைத் திருத்தியபோது சாவு 69,000-இல் இருந்து 1.80 லட்சமாகி, மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மோசமான இடத்துக்குப் போனது. ஆள் ஒருவர் மட்டுமே குடியிருக்கும் வீடுகள் நிறைந்த நாடு ஸ்வீடன். பெருவின் நகர்ப்புற ஏழைகள் வாழ்வது தாராவி மாதிரி. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் உள்ள அதே வித்தியாசம்தான் அங்கும்.

2020 ஊரடங்கின் செலவையும் அதன் கணக்கிலேயே எழுத வேண்டும். மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறியது. ஊருக்கு நடந்துபோன வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற தரவு இல்லை என்று அந்தச் செப்டம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. காசநோயாளிகள் பதிவு 2019-இல் 24 லட்சம், 2020-இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. தாராவி, கோவண்டி போன்ற இடங்களில் மருந்து தொடங்காமல் விட்ட காசநோயின் சாவு 2020 கணக்கில் வராது, பின்னால் வரும் ஆண்டுகளில்தான் வரும்.

பலன், செலவு இரண்டையும் வைத்துப் பார்த்தால் நான் தேர்ந்தெடுப்பது 2021-இன் படிப்படியான தடையும் தாராவியின் தேடிப் பிடிக்கும் முறையும் சேர்ந்ததுதான். எதுவுமே தெரியாத 2020 மார்ச்சில் இரண்டு மூன்று வார அடைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு மணி நேர அவகாசத்தில், கூலி ஆட்களுக்குச் சோறும் ரயிலும் ஏற்பாடு செய்யாமல் அடைத்ததையும், தொழிலாளிகளை ஊருக்குக் கொண்டுபோன ஷ்ராமிக் சிறப்பு ரயில் வர மே 1 வரை காக்க வைத்ததையும் ஏற்க முடியாது.

இந்தத் தீர்ப்பை இன்னும் துல்லியமாக்க ஒரு தரவு வேண்டும். 2018 முதல் 2022 வரை எஃப் வடக்கு, ஜி வடக்கு உட்பட ஒவ்வொரு வார்டிலும் வாரம் எத்தனை மரணம், என்ன வயது, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்ற பட்டியல். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும்போதே இந்த விவரமெல்லாம் மாநகராட்சியின் கைக்கு வந்துவிடுகிறது. பெயர்களை நீக்கிவிட்டு அதை அப்படியே பொதுவில் வைக்க வேண்டும்.