நீஸ்ல ஸ்டுடியோ: பழைய ஊரா, ஸ்டேஷன் பக்கமா, துறைமுகமா?

பிரான்ஸ்ல கடற்கரை ஊர், அதுலயும் நீஸ்னு முடிவாயிட்டா, சிட்டிக்கு நடுவுல லீவுக்கு தங்க ஸ்டுடியோ, அதாவது ஒரே ரூம்ல எல்லாம் அடங்கின சின்ன வீடு, வாடகைக்குத் தேடும்போது மூணு ஏரியாதான் மாறி மாறி வரும். வியூ நீஸ்னு சொல்ற பழைய ஊர், ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி ழான் மெத்சேன் ரோடு, அப்புறம் லிம்ப்பியா துறைமுகம். ரூம் என்னவோ மூணு இடத்துலயும் ஒண்ணுதான், 20 சதுர மீட்டர் சொச்சம், மடிச்சா சோபா விரிச்சா கட்டில், மூலையில ரெண்டு பர்னர், கையை நீட்டினா பாத்ரூம் கதவு. அதனால போட்டோவுல இருக்கிற குஷனையும் பூத்தொட்டியையும் பாத்து மயங்காதீங்க, ஏரியாவ பாருங்க.

பழைய ஊர் அழகுதான், சந்தேகமே இல்ல. நீஸ் பிரான்ஸோட நிரந்தரமா சேர்ந்ததே 1860லதான், அதான் அந்த காவி, மஞ்ச கலர் சுவரெல்லாம் இத்தாலி மாதிரியே இருக்கு. காலையில எழுந்து கூர் சலேயா மார்க்கெட்ல காய், பூ, ஆலிவ் பாத்துட்டு (திங்கக்கிழமை மட்டும் அங்க பழைய சாமான் சந்தை) அஞ்சு நிமிஷத்துல கடல்ல கால் நனைக்கலாம். ஆனா லிஃப்ட் இருக்கிற கட்டடம் அபூர்வம், சந்துக்குள்ள டாக்ஸி வராது, கல்லு பாவின தரையில பெட்டிய இழுத்துட்டு வந்து அப்புறம் குறுகலான படியில நாலு மாடி ஏத்தணும். கீழ் மாடி எடுத்தா வெயிலே எட்டிப்பாக்காது, போதாததுக்கு கீழ பார்ல ராத்திரி வரைக்கும் கும்மாளம். மத்தியானம் சரியா 12க்கு மலையிலேர்ந்து டமார்னு ஒரு வேட்டு வேற போடுவாங்க, ஊர் வழக்கம் அது, முதல் நாள் தூக்கிவாரிப் போடும்.

ஸ்டேஷன் பக்கம் இதுக்கு நேர் எதிர். அழகு கம்மி, வசதி ஜாஸ்தி. தினமும் மொனாக்கோ, மாந்தோன், ஆந்தீப், கான்னு டிஇஆர்னு சொல்ற உள்ளூர் ரயில்ல சுத்தப் போறீங்கன்னா வேற யோசனையே வேண்டாம், மொனாக்கோ அரைமணிக்குள்ள வந்துடும். லிஃப்ட் இருக்கிற வீடு கிடைக்கும், சூப்பர்மார்க்கெட் பக்கத்துலயே. கடலுக்குத்தான் இருபது நிமிஷம் நடக்கணும். ஸ்டேஷனை ஒட்டின சில தெரு ராத்திரியில எனக்கு அவ்வளவா பிடிக்கல, அதனால ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்சம் தள்ளி மசேனா சதுக்கம் பக்கமா தேடினா நல்லது.

என் ஓட்டு துறைமுகத்துக்குத்தான். ஏர்போர்ட்லேர்ந்து ரெண்டாம் நம்பர் ட்ராம் நேரா இங்க வந்து முடியுது, கடலோரமா மொனாக்கோ போற 607 பஸ்ஸும் இங்கேர்ந்துதான். பழைய ஊருக்கு கரிபால்டி சதுக்கம் வழியா பொடிநடை, அங்க சுத்திட்டு தூங்க மட்டும் அமைதியான இடத்துக்கு வந்துடலாம். பிப்போ கடையில சொக்கா சாப்பிடுங்க, விறகு அடுப்புல சுட்ட கடலைமாவு தோசைன்னு வெச்சுக்கோங்க, மேல மிளகுத்தூள் மட்டும். குறைன்னா, ரயிலுக்கு ட்ராம் மாறிப் போகணும், அவ்வளவுதான். பீச் எங்க தங்கினாலும் கூழாங்கல்தான், ரப்பர் செருப்பு எடுத்துக்கோங்க.

சமைக்கிற ஆளுங்களுக்கு ஒரு விஷயம். பிரான்ஸ்ல 2015லேர்ந்து எல்லா வீட்டுலயும் புகை அலாரம் கட்டாயம், ஸ்டுடியோவுல அடுப்புக்கும் அலாரத்துக்கும் நடுவுல நாலடி கூட இருக்காது, மிளகாய் கிள்ளிப் போட்டு தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலத் திறந்துடுங்க. சந்து பாத்த ஜன்னல்னா புகை போகவே போகாது, அதுலயும் பழைய ஊருக்கு மார்க் கம்மிதான்.

வாடகைல ஏரியாவ விட தேதிதான் விளையாடும். ஆகஸ்ட், பிப்ரவரி கார்னிவல், மொனாக்கோ கார் ரேஸ் நடக்கிற வாரம், இந்த மூணுலயும் விலை எகிறிடும். ரேட் பாக்கும்போது க்ளீனிங் சார்ஜ், டூரிஸ்ட் வரி ரெண்டையும் கூட்டிப் பாருங்க, விளம்பரத்துல ‘சான் அசான்சர்’னு இருந்தா லிஃப்ட் இல்லன்னு அர்த்தம், எத்தனாவது மாடின்னு கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.