ஜிகன்பாக் பாட்டில்: நல்ல சரக்குதான், ஆனா ஹீலியத்துக்கு நம்பாதீங்க

எரிமலை வாயுவ பிடிச்சு லேபுக்கு கொண்டு வர்ற பாட்டில் இது. மூணு ஃபீல்ட் ட்ரிப் இத தூக்கிட்டு எரிமலை ஏறி இறங்கிட்டுதான் எழுதுறேன், அன்பாக்சிங் ரிவ்யூ இல்ல.

சாமான் ரொம்ப சிம்பிள். கண்ணாடி குடுவை, டெஃப்லான் வால்வு, உள்ள மூணுல ஒரு பங்கு 4 மோலார் காஸ்டிக் சோடா, மீதி வெற்றிடம். எரிமலை வாயுவ ஆராய்ஞ்ச வேதியியலாளர் ஜிகன்பாக் 1975ல எழுதி வச்ச முறை, இன்னிக்கும் அதான் ஓடுது. ஆவி வர்ற ஓட்டைல டைட்டானியம் குழாய சொருகி, அது நல்லா சூடாகுற வரைக்கும் பொறுத்து, வால்வ லேசா திறந்தா சோடா வழியா கொடகொடனு குமிழி ஏறும், நீராவி தண்ணியாகிடும், கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயு, அமில வாயு எல்லாத்தையும் சோடா முழுங்கிடும், பாட்டில் கையில சுட ஆரம்பிக்கும். மேல நைட்ரஜன், ஆர்கான், ஹைட்ரஜன், மீத்தேன் மாதிரி கொஞ்சூண்டு மட்டும் சேர்ந்து நிக்கும். நமக்கு வேண்டியதே அந்த கொஞ்சூண்டுதான், இதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

ஏன்னா நைட்ரஜன்-ஆர்கான் விகிதம் ஒண்ணே பாதி கதைய சொல்லிடும். காத்துல அது 84 கிட்ட, காத்து கரைஞ்ச மழைத்தண்ணில 38 கிட்ட. நூத்துக்கணக்குல வந்தா, கீழ அமிழ்ற கடல்தட்டோட போன வண்டல்ல இருந்து நைட்ரஜன் வருதுனு சந்தேகப்படலாம்.

இப்ப என் வயித்தெரிச்சல். நான் வாங்குன ஆறுல ரெண்டு பாட்டிலோட வால்வு ஓ-ரிங் (காத்து புகாம அடைக்குற வளையம்) சரியா உக்காரல. நைட்ரஜன்-ஆர்கான் விகிதம் 83னு, கிட்டத்தட்ட காத்தோட அளவாவே வந்துச்சு, ஆனா ஆக்சிஜன் கம்மியா இருந்ததால காத்து கலக்கலனு நம்பி, மழைத்தண்ணியும் ஆழத்து வாயுவும் கலந்ததுனு பெருசா விளக்கம் எல்லாம் எழுதி வச்சேன். கடைசில பாத்தா உள்ள புகுந்த ஆக்சிஜன சோடா கரைசல் முழுங்குன கந்தக வாயுல இருந்து வந்த சல்ஃபைடே தின்னுருக்கு! வித்தவங்ககிட்ட கேட்டா நீங்க டைட் பண்ணது சரியில்லனாங்க. போங்கப்பா.

ஹீலியம் ஐசோடோப் (எடை மட்டும் வேற வேறயா இருக்க ஹீலியம்-3, ஹீலியம்-4) அளக்க வேணும்னா இந்த பாட்டில் வேணாம், கண்ணாடி வழியாவே ஹீலியம் மெதுவா போய் வரும். ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு நசுக்குற செப்புக்குழாய் வாங்குங்க. ஹீலியம்-3க்கும் 4க்கும் உள்ள விகிதம் காத்துல 1னு வச்சா, நடுக்கடல் முகட்டுக்கு கீழ இருக்க மேன்டில் (பூமி மேலோட்டுக்கு அடியில உள்ள பாறை அடுக்கு) 8 கிட்ட நிக்கும், பழைய கண்டப்பாறை 0.02. வாயு எங்க இருந்து வருதுனு சொல்ற இவ்ளோ தெளிவான சாட்சிய கண்ணாடில போட்டு கெடுத்துக்காதீங்க. நியானையும் சேர்த்து அளக்க சொல்லுங்க, காத்து எவ்ளோ கலந்துச்சுனு கழிக்க அது வேணும்.

5க்கு 3.5. வாங்குனதும் வெற்றிடமாக்கி எடை போட்டு, ஒரு வாரம் வச்சு திரும்ப எடை போடுங்க. 200 மில்லி காத்து கிட்டத்தட்ட கால் கிராம், அதனால நல்ல தராசுல எடை கொஞ்சம் ஏறியிருந்தாலும் தெரிஞ்சிடும். ஏறியிருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுங்க, நான் மலை ஏறி இறங்கினதுக்கு அப்புறம்தான் இத செஞ்சேன்.