கால் வலிக்கு 22,000 ரூபாய் பேக்கேஜ்: கோவை ரன்னர்களே, பணம் கட்டும் முன் இதைப் படிங்க

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஓடி வரும் கால் வலிக்குச் சிகிச்சை என்று பணம் கட்டிய ரெகவரி சென்டரில் இருந்து இப்போதுதான் வாட்ஸ்அப் வந்தது: "பேக்கேஜ் அமவுண்ட் ரிட்டர்ன் ஆகாதுங்ணா. வேணும்னா ஃபிரெண்ட்ஸ் யாருக்காச்சும் மாத்திக் குடுக்கிறோம்." என் கால் எலும்பில் விரிசல். இதை யாருக்கு மாற்றிக் கொடுப்பது? போனது 22,000 ரூபாய்.

ஜனவரியில் சென்னையில் முழு மராத்தான், 42.195 கிலோமீட்டர். அதற்காக விடியற்காலையில் ரேஸ் கோர்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாராவாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனதில் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலி பிடித்தது. ஓடுகிறவர்களுக்கென்றே நடத்துகிற இடம் என்று பலபேர் சொல்லித்தான் அங்கே போனேன்.

சுவர் முழுக்க மெடல்கள். அங்கிருந்த தம்பி கீழே உட்கார்ந்து, என் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரே ஒரு இடத்தில் அழுத்தினார். துள்ளிவிட்டேன். "இதானுங்ணா. ஷின் ஸ்பிளிண்ட். நானும் ஓடுறவந்தானுங், எனக்கும் வந்துச்சு. மூணே வாரத்துல லாங் ரன் போயிரலாம், கேரண்டி." ஷின் ஸ்பிளிண்ட் என்றால் ஓடி ஓடி முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வரும் வலி, விரிசல் இல்லை. வலிக்கிற இடத்தை அவ்வளவு சரியாகத் தொட்டவரை யார்தான் நம்ப மாட்டார்கள்? எக்ஸ்ரே வேண்டாமா என்று கேட்டேன். "வீண் செலவுங்ணா" என்றார். ஜிபேயில் 22,000 ரூபாய் போன பிறகுதான் கையெழுத்துக்குப் படிவம் நீட்டினார்கள். பணம் திரும்பக் கிடையாது என்பது அதன் அடியில் பொடி எழுத்தில், இங்கிலீஷில்.

அதே இடத்தில் ஸ்டீல் கருவியால் வழித்து வழித்துத் தேய்த்தார்கள். வலி கூடுகிறதே என்றால், "உள்ள இறுகுனது இளகுதுங்ணா, அப்படித்தான் இருக்கும்." டேப் ஒட்டி, மெதுவாக ஓடுங்கள் என்று அனுப்பினார்கள். அப்புறம் ராத்திரியில் படுத்திருக்கும்போதே வலி எழுப்ப ஆரம்பித்தது. வீட்டில் சத்தம் போட்டு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார், முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். அதில் தெளிவாக இருந்தது: ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓடி ஓடி எலும்பில் விழுந்த விரிசல். 6 முதல் 8 வாரத்துக்கு ஓடவே கூடாது. ஜனவரி போச்சு.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஷின் ஸ்பிளிண்ட் என்றால் வலி எலும்பு நெடுகப் பரவியிருக்கும். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்ட முடிகிறது என்றால் விரிசலா என்று பார்க்க வேண்டும். அந்தத் தம்பி கட்டைவிரல் வைத்தது ஒரே புள்ளியில்தானே! எதைப் பார்த்து நம்பினேனோ, அதைப் பார்த்துத்தான் அவர் என்னை டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டோடு போனேன். "சார் மீட்டிங்ல இருக்காருங்." போன் செய்தால், "மேனேஜர் ஊருக்குப் போயிருக்காருங்." அடுத்து, "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்குதுங்ணா, வந்துரும்." ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்ததோடு சரி. கடைசியில் அந்தத் தம்பியே பேசினார்: "நாங்க சொன்னதைவிட அதிகமா ஓடிருப்பீங்ணா." ஓடச் சொன்னதே அவர்! போகாத சிட்டிங்குகளுக்காவது பணத்தைக் கொடுங்கள் என்றேன். "ஆஃபர் பேக்கேஜுங்ணா, பிரிக்க முடியாது." முழுசாக 22,000 ரூபாய். எம்.ஆர்.ஐ. செலவு தனி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. கேரண்டி என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பேக்கேஜாகக் கட்டாதீர்கள், சிட்டிங்குக்குச் சிட்டிங் கொடுங்கள், பில் வாங்குங்கள். ஒரே புள்ளியில் வலி, ராத்திரியிலும் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் எலும்பு டாக்டர், மற்றதெல்லாம் அப்புறம். பணம் போயிருந்தால் 1915-க்கு அடியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த விஷயம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது.

நான் 1915-ல் பதிந்துவிட்டேன், அடுத்து ஆணையம்தான். இதே மாதிரி பேக்கேஜில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.